இன்னொண்ணு குடுங்க முதலாளி

வேன்காரி ஹாரனை ஒரு தடவை அழுத்தினால், நாலு தெரு தள்ளித் தூங்குகிற பூனைகூட எழுந்து முகம் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடும். சரி, கிளம்பாது. முகம் கழுவுவதும் பூனை சும்மா இருக்கும்போது செய்கிற வேலைதான். காதை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடி சுருண்டுகொள்ளும். பூனை விஷயத்தில் கொஞ்சம் கூடிவிட்டது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள் என்பதில் கடுகளவும் கூட்டல் கிடையாது. ஒரு காலில் ஷூ, கையில் இன்னொரு ஷூ, வாயில் பற்பசை நுரை என்று ஓடிவந்து ஏறுவார்கள்.

பிள்ளைகளுக்கு அவள் வேன் அத்தை. பெற்றவர்களுக்கு வேன்காரம்மா. அகலமான தோள், ஐம்பதைத் தாண்டிய உடம்பு, கருகருவென்ற முகம். மற்றவர்களுக்குக் கோபம் வரும், போகும். அவளுக்கு வந்த கோபம் போகாமல் அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். எதையும் குளிர வைக்கத் தெரிந்த மனுஷன், பெண்டாட்டியைத் தவிர.

வேன் பழையது, வெள்ளை நிறம். இழுத்து மூடுகிற கதவு கடைசி ஒரு சாண் தூரத்துக்கு அடம்பிடிக்கும். இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் மூடும். உள்ளே, ஓட்டுநர் தலைக்கு மேலே, ஒரு நீளக் கண்ணாடி. முடிவெட்டும் கடை ஒன்றை மூடியபோது பேரம் பேசி வாங்கி வந்து அவளே பொருத்தியது. வண்டியோடு வந்த சின்னக் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி தெரியும். அவளுக்கு லாரி முக்கியமில்லை. கடைசி வரிசையில் யார் யார் காதைத் திருகுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

அந்தக் கண்ணாடியைப் பார்க்காமலே, காதால் மட்டும் கேட்டுத்தான் ஒரு பிற்பகல் அவள் பிரேக்கை மிதித்தாள்.

பின்னாலிருந்து ‘தொம்’ என்று ஒரு சத்தம். முதுகில் விழுகிற குத்துக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் உண்டு. அடுத்த நொடி ஒரு குரல், ராகம் போட்டு:

“இன்னொண்ணு குடுங்க முதலாளி!”

வண்டி முழுக்கச் சிரிப்பு. அந்தக் குரல் அவள் தம்பி மகளுடையது. எட்டு வயது. அத்தையின் நிறம், அத்தையின் நெற்றி, அத்தையின் முன்பல். அம்மாவும் அப்பாவும் துணி ஆலையில் வேலை முடிந்து வர இருட்டிவிடும் என்பதால், பள்ளி விட்டதும் அத்தை வீட்டில்தான் இருப்பாள்.

வேனை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்து, அவள் திரும்பினாள்.

“யாருடி அடிச்சது?”

“விளையாட்டு அத்தை,” என்றாள் தம்பி மகள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். “நான் தார்டப்பா. இவங்க எல்லாரும் முதலாளி. முறை வச்சு.”

“உனக்கு எப்ப முறை வரும்?”

தம்பி மகள் யோசித்தாள். அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதே இல்லை. “நான் தார்டப்பா அத்தை,” என்றாள் மறுபடியும், விளக்கம் சொல்கிற மாதிரி. “எனக்கு முறை இல்ல.”

வேன்காரி ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்தாள். அவள் பேசாமல் வண்டி ஓட்டி அந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. பயந்துபோய், இறங்கும்வரை கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் சிறுமியாக இருந்த காலத்தில் ‘முதலாளி வீட்டு ரகளை’ என்று ஒரு சித்திரக்கதை வரிசை, வாராவாரம் வரும். அதில் ஒரு குண்டு முதலாளி, அவருக்கு ஒரு வேலைக்காரச் சிறுமி. அவள் பெயர்தான் தார்டப்பா. தார் பூசின மாதிரி முகம், சைக்கிள் டயர் மாதிரி உதடு, பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து ஒட்டின மாதிரி முடி. தட்டைத் தூக்கி வருவாள், தடுக்கி விழுவாள், முதலாளி முதுகில் ஒரு குத்து விடுவார். கதை எப்படிப் போனாலும் கடைசிக் கட்டத்தில் அவள் பல்லைக் காட்டி, ‘இன்னொண்ணு குடுங்க முதலாளி!’ என்பாள். ஊரே சிரிக்கும்.

நாலாம் வகுப்பில் ஒருநாள், அவளோடு படித்த ஒருவன் அந்தப் புத்தகத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, “அப்படியே இருக்கு பாருங்கடா!” என்றான். அன்றைக்குத் தொடங்கியது. காலை வணக்கத்துக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு குத்து. தண்ணீர் குடிக்கக் குனியும்போது ஒரு குத்து. குத்து வாங்கினால் அந்த வசனத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சொல்லும்வரை குத்து. டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, “சரி சரி, போய் உட்காரு,” என்றார். டீச்சர் வீட்டிலும் அந்தப் புத்தகம் வாங்கினார்கள்.

பெயர் ஒட்டிக்கொண்டது. சித்தப்பாவின் சரக்கு வேனில் அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது, ‘தார்டப்பா வண்டி ஓட்டுது டோய்’ என்று தெருமுனையில் கூவினார்கள். கல்யாணமான புதிதில், யாரோ சொல்லக் கேட்டு, வீட்டுக்காரர் ஒருநாள் செல்லமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு வெகுகாலம் தன் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார். அத்தோடு அந்த வீட்டில் அந்தப் பெயர் செத்தது. தெருவில் சாக இன்னும் பல வருஷம் பிடித்தது. செத்தேவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

“புத்தகம் எங்கேடி கிடைச்சுது?” என்று அன்று சாயங்காலம் தம்பி மகளைக் கேட்டாள்.

“நூலகத்துல. கீழ்த்தட்டுல. புது அட்டை போட்டிருக்கு.”

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே நூலகத்துக்குப் போனாள். பழைய கட்டடம், பச்சைக் கேட்டு. கேட்டுக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த ஒரு புத்தக வண்டி எப்போதும் நிற்கும். நூலகத்தில் வேண்டாம் என்று கழித்த புத்தகங்களுக்கு மேலட்டையில் ‘நீக்கப்பட்டது’ என்று சிவப்பு முத்திரை குத்தி அதில் அடுக்கிவிடுவார்கள்; வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஆடாமல் இருக்க அடியில் வைத்திருக்கும் தடிப் புத்தகம்கூட அந்த வண்டியில் எடுத்ததுதான். அதைத் தாண்டி உள்ளே போனாள்.

நூலகர் நல்ல மனுஷன். ஆனால் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நாலு பக்கமும் பார்த்து, வண்டி எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் முடிப்பார்.

“இந்தப் புத்தகம் எப்படி இங்க வந்துச்சு?”

“அது... நன்கொடைம்மா. வாசகர் வட்டத் தலைவர் தன்கிட்ட இருந்த மொத்த வரிசையையும் புது அட்டை போட்டுக் கொடுத்தாரு. சின்ன வயசுல அவர் ரசிச்சது. இந்தக் காலத்துப் பிள்ளைங்களும் படிக்கணும்னு...”

“யாரு, மருந்துக்கடைக்காரரா?”

“ஆமாம்மா. உங்களுக்குத் தெரியுமா அவரை?”

தெரியுமாவது. நாலாம் வகுப்பில் அவள் முகத்துக்குப் பக்கத்தில் புத்தகத்தைப் பிடித்தவனே அவன்தான்.

அங்கேயே, குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்து, ஒரு தொகுதியைப் பிரித்தாள். வாழ்நாளில் அதை அவள் முழுசாகப் படித்ததில்லை; மற்றவர்கள் படித்ததன் பலனை முதுகில் வாங்கியதோடு சரி. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் முதலாளியின் நாய், அவர் கழற்றி வைத்த பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, விருந்தாளிகளை வாசலில் நின்று வரவேற்றது. அந்த நாயின் முகத்தில் அப்படி ஒரு பெரிய மனுஷத் தோரணை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களுக்கென்று, அடக்க முடியாமல். உடனே அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு அவளைக் கொதிக்க வைத்தது. வரைந்தவனுக்கு நாயைத் தோரணையோடு வரையத் தெரிந்திருக்கிறது. நாய்க்குக் கொடுத்ததை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

“இதை எடுத்துடுங்க,” என்றாள் நூலகரிடம்.

“நானா எடுக்க முடியாதும்மா. சனிக்கிழமை வாசகர் கூட்டம் இருக்கு. வந்து சொல்லுங்க. பேசி, கை தூக்கி முடிவு பண்ணலாம்.”

“வர்றேன்,” என்றாள்.

தம்பிக்கு விஷயம் தெரிந்ததும் அவன் தலையைச் சொறிந்தான். “விடுக்கா. சின்னப் பிள்ளைங்க. நாமளே போய் ஊரைக் கூட்டினா, மறந்து போன பேரை எல்லாருக்கும் ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடும்.”

“உன் பொண்ணு தனக்கு முறையே இல்லைங்கறாடா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. நானாவது அழுதேன்.”

தம்பி தலையைச் சொறிவதை நிறுத்தினான்.

சனிக்கிழமை வாசிப்பு அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மின்விசிறி சுற்றியதில் செய்தித்தாள்கள் படபடத்தன. மருந்துக்கடைக்காரர் வெள்ளைச் சட்டையில், சீவிய தலையோடு, முதல் ஆளாகப் பேசினார். பேச்சு அவருக்கு நன்றாக வரும். இருமல் மருந்துக்கே ஒரு முன்னுரை கொடுப்பவர்.

“இன்னைக்கு ஒரு சித்திரக்கதை. நாளைக்கு ஒரு நாவல். நாளன்னிக்கு எதை எடுக்கச் சொல்வீங்க? அந்தக் காலம் அப்படி இருந்துச்சு, அதை அப்படியே பார்க்கிறதுதானே நேர்மை? அழிச்சுட்டா நடக்கலைன்னு ஆயிடுமா? வரைஞ்சவரோட கோட்டைப் பாருங்க, அந்தக் கை இனிமே யாருக்கு வரும்? என் கடையில ஒவ்வொரு மருந்துக்கும் காலாவதித் தேதி போட்டிருக்கும். புத்தகத்துக்குக் காலாவதி கிடையாதுங்க!”

நாலைந்து பேர் கைதட்டினார்கள். வேன்காரி எழுந்தாள்.

“காலாவதியான மருந்தை என்ன பண்ணுவீங்க?”

“என்னம்மா?”

“உங்க கடையில. தேதி முடிஞ்ச மருந்தை. குழந்தைங்க கைக்கு எட்டுற தட்டுல, புது அட்டை போட்டு வைப்பீங்களா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் காது சிவந்தது.

கல்லூரியில் பாடம் நடத்தும் பேராசிரியை ஒருவர் குறுக்கே வந்தார். மென்மையான குரல். “அவங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா புத்தகத்தை நீக்கறது தீர்வில்லை. முதல் பக்கத்துல ஒரு குறிப்பு ஒட்டலாமே? ‘இது பழைய காலத்தின் பார்வை, இன்றைக்கு ஏற்கத்தக்கதல்ல’ன்னு.”

“யார் படிப்பாங்க அதை? எட்டு வயசுப் பிள்ளை, கையை ஓங்கறதுக்கு முன்னால முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துட்டா ஓங்கும்?”

“அந்தக் காலத்துல அது தப்புன்னே யாருக்கும் தெரியலைம்மா. அதையும் நாம...”

“எனக்குத் தெரிஞ்சுது!” மின்விசிறிச் சத்தத்தை மீறி அவள் குரல் சுவரில் மோதியது. “எனக்கு அப்ப எட்டு வயசு. எனக்குத் தெரிஞ்சுது. என்னை யாரும் கேக்கலை, அவ்வளவுதான்.”

பேராசிரியை தன் மடியைப் பார்த்தார்.

மருந்துக்கடைக்காரர்தான் மறுபடி பேசினார், இந்த முறை சிரித்த முகத்தோடு, பழைய சிநேகிதம் கொண்டாடுகிற தொனியில். “ஏம்மா, நாம ஒண்ணாப் படிச்சவங்க. எல்லாரும் அதைப் படிச்சோம், சிரிச்சோம், நான் என்ன கெட்டா போயிட்டேன்? நாம எல்லாரும் சேர்ந்துதானே விளையாடினோம்!”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் ஞாபகத்தில் அது நிஜமாகவே ஒரு சந்தோஷமான விளையாட்டு.

“ஆமா, சேர்ந்துதான் விளையாடினோம்,” என்றாள். “உங்க கை, என் முதுகு.”

அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பேராசிரியை எழுந்து இன்னொரு யோசனை சொன்னார்: புத்தகத்தைக் குழந்தைகள் பகுதியிலிருந்து எடுத்து, மாடியில் ஆய்வு அறையில் பூட்டின அலமாரியில் வைப்பது; கேட்கிற பெரியவர்களுக்கு மட்டும் தருவது. நல்ல யோசனைதான். வேறொரு நாளாக இருந்தால் வேன்காரிக்கே அது பிடித்திருக்கலாம். அன்றைக்கு அவள் காதில் அது, ‘சரி சரி, போய் உட்காரு’ என்று விழுந்தது.

“மேல கீழன்னு தட்டு மாத்தற வேலையெல்லாம் வேண்டாம். நீக்கினா நீக்கணும். ‘நீக்கப்பட்டது’ன்னு முத்திரை குத்தணும். அதை என் கண்ணால பார்க்கணும்.”

நூலகர் மெதுவாகக் கையைத் தூக்கினார். “அம்மா, ஒரு நிமிஷம். முத்திரை குத்தினா விதிப்படி அது அப்புறம் எங்க...”

“நீங்க வாயைத் திறக்காதீங்க! கீழ்த்தட்டுல அடுக்கும்போது எங்க போச்சு உங்க விதி?”

நூலகர் கையை இறக்கிவிட்டார். நாலு பக்கமும் பார்த்துப் பேசுகிறவர். நாலு பக்கத்திலும் அவளே நிற்கிற மாதிரி தோன்றியிருக்க வேண்டும்.

கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். நீக்குவது என்று முடிவானது. அவள் நின்றுகொண்டே பார்க்க, நூலகர் ஒவ்வொரு தொகுதியின் அட்டையிலும் சிவப்பு முத்திரையை அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் மேசை ‘தொம்’ என்றது. அந்தச் சத்தம் முதல் தடவையாக அவளுக்கு இனித்தது.

திங்கட்கிழமை பிற்பகல் வழக்கம்போல் பள்ளியிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, நூலகத்தில் இறங்குகிறவர்களுக்காகப் பச்சைக் கேட்டு முன்னால் நிறுத்தினாள். எல்லாரும் தபதபவென்று இறங்கினார்கள். அவள் டயரில் காற்று பார்க்கக் குனிந்தாள். நிமிர்ந்து வண்டியில் ஏறி நீளக் கண்ணாடியைப் பார்த்தபோது, இறங்கினவர்கள் எல்லாரும் திரும்பி ஏறியிருந்தார்கள். ஆனால் ஒரு முகமும் தெரியவில்லை. வரிசை வரிசையாக, ஒவ்வொரு இருக்கையிலும், தார்டப்பா உட்கார்ந்திருந்தாள். டயர் உதடு, நார் முடி, இளித்த பல். நெற்றியில் சிவப்பாக ‘நீக்கப்பட்டது’. அத்தனை அட்டைகளுக்குப் பின்னாலிருந்தும் சிரிப்பு மட்டும் வந்தது.

“எங்க எடுத்தீங்க?” என்று இருக்கையிலேயே திரும்பிக் கேட்டாள்.

“புத்தக வண்டியில வேன் அத்தை! வாசல்ல! சும்மாவே குடுக்கறாங்க! இனிமே திருப்பிக் குடுக்க வேண்டாமாம், நமக்கேதானாம்!”

தம்பி மகள் கையிலும் ஒன்று இருந்தது.

அவள் நூலகத்துக்குள் போன வேகத்தில் பச்சைக் கேட்டு இரண்டு தரம் ஆடித் திரும்பி வந்தது. நூலகர் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றுகொண்டார்.

“என்னய்யா இது? நீக்கச் சொன்னா ஊர் முழுக்க விநியோகம் பண்றீங்க?”

“விதிம்மா. முத்திரை குத்தினது எல்லாம் வாசல் வண்டிக்குத்தான் போகணும். நான் அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்கதான் வாயைத் திறக்காதேன்னீங்க.”

வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கடியில் அதே முத்திரையோடு ஒரு புத்தகம் கிடக்கிறது; தினமும் பெருக்கும்போது பார்க்கிறாள். கோபம் கண்ணை மறைத்ததில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்கு மாடி அலமாரிக்குச் சரி என்றிருந்தால், பூட்டுக்குள் போயிருக்கும். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறது. அவள் வண்டியிலேயே ஏறிப் போகிறது.

“போதாக்குறைக்கு,” என்றார் நூலகர், ஒரு தரம் வாசலைப் பார்த்துவிட்டு, “மருந்துக்கடைக்காரர் மத்தியானமே வந்து வண்டி பக்கத்துல நின்னுட்டாரு. வர்ற பிள்ளைங்க கையில எல்லாம் அவரே எடுத்து எடுத்துக் குடுத்தாரு. ‘உங்க வேன் அத்தை தடை பண்ணின புத்தகம், பத்திரமா வச்சுக்குங்க’ன்னு. இப்பதான் கடைக்குப் போனாரு.”

அவள் வேனுக்குத் திரும்பி வந்து கதவை இடுப்பால் இடித்து மூடினாள். வண்டியே ஒரு தரம் குலுங்கியது.

மருந்துக்கடை கடைவீதியின் நடுவில். அதன் வாசலை முழுசாக அடைத்து வேனை நிறுத்தி, ஹாரனில் கையை வைத்தாள்; எடுக்கவில்லை. மருந்து வாங்க நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். எதிர்க் கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, இறங்கி வந்தார்.

“என்ன இது? வண்டியை எடும்மா. வாடிக்கையாளர் நிக்கறாங்க.”

அவள் இறங்கினாள். தம்பி மகள் கையிலிருந்த புத்தகத்தை ஜன்னல் வழியாக வாங்கி, கடைசிப் பக்கத்தைப் பிரித்து, அவர் கையில் திணித்தாள்.

“இதைத்தானே பிள்ளைங்களுக்குக் குடுத்தே? எப்படி விளையாடறதுன்னு சொல்லிக் குடுக்கலையே. இப்ப சொல்லிக் குடு.”

நாற்பது வருஷத்துக்கு மேலாக ‘நீங்க’ என்று இருந்தது, சட்டென்று நாலாம் வகுப்புக்குப் போய்விட்டது. அவர் அதைக் கவனித்தார்.

“தெருவுல நின்னுக்கிட்டு என்ன பேச்சு? உள்ள வா, பேசலாம்.”

“பேச வேண்டாம். விளையாடலாம்.” அவள் திரும்பி நின்றாள். அகலமான முதுகை அவருக்குக் காட்டி, முகத்தை வேனில் இருந்த பிள்ளைகளுக்குக் காட்டி, லேசாகக் குனிந்தாள். தண்ணீர்க் குழாய்க்குக் குனிகிற மாதிரி. “ம். குத்து.”

ஜன்னல்களில் புத்தகங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன.

“என்னடா பார்க்கறே? விளையாட்டுதானே? சேர்ந்துதானே விளையாடினோம்? குத்து!”

“பைத்தியமா உனக்கு? உன்னை எப்படி நான் அடிப்பேன்?”

“அப்ப எப்படி அடிச்சே?”

அவர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். அது கோபத்திலா வேறெதிலா என்று பார்க்க அவள் கண் அந்தப் பக்கம் இல்லை. அவள் பார்வை வேனுக்குள், தம்பி மகள் மேல் இருந்தது. சிறுமி கண்ணைக்கூட இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன்காரி உரக்க, கடைவீதி முழுக்கக் கேட்கிற மாதிரி, ராகம் துளியும் இல்லாமல் சொன்னாள்:

“இன்னொண்ணு குடுங்க முதலாளி.”

ராகம் இல்லாமல் கேட்டால் அது எப்படி இருக்கும் என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது. மாத்திரைச் சீட்டோடு நின்ற ஒரு கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேனுக்குள் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது.

மருந்துக்கடைக்காரர் புத்தகத்தை வேனின் முன்பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். அவள் நிமிர்ந்து, அதை எடுத்து இருக்கையில் போட்டு, வண்டியைக் கிளப்பினாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்: அவரை, டீச்சரை, வரைந்தவனை, விதியை, தன் வாயை. பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, அது அவர்களுக்கே கொடுத்தது. சிலர் இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். சிலர் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், பின்வரிசையில் பழக்க தோஷத்தில் ஒரு கை ஓங்கியது. நீளக் கண்ணாடியில் அவள் அதைப் பார்த்துவிட்டாள். கால் பிரேக் மேல் போனது, மிதிக்கவில்லை.

தம்பி மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திரும்பு,” என்றாள். “இன்னைக்கு நீ தார்டப்பா.”

“நானா? நான் மாட்டேன்பா.”

“சரி, அப்ப நீ?” பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

“ஐயோ, நானும் மாட்டேன்.”

“நீ?”

ஒவ்வொருத்தராகக் கேட்டாள். பஸ் நடத்துநர் சீட்டுக் கேட்கிற மாதிரி, யாரையும் விடாமல். யாரும் முதுகைக் காட்டச் சம்மதிக்கவில்லை. முதலாளிகள் மட்டுமே உட்கார்ந்திருந்த அந்த வண்டியில் விளையாட ஒன்றுமில்லாமல் போனது. கொஞ்ச நேரத்தில் யாரோ நேற்று விழுந்த பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தான். வேன்காரி பரிமாறிக்கொண்டே கடைவீதிக் கதையைச் சொன்னாள். முதல் தரம் சொன்னபோது கதையில் பத்துப் பேர் கூடினார்கள். சோறு அடுத்த சுற்று வந்தபோது போக்குவரத்தே நின்றுவிட்டது.

“அப்புறம் என்ன ஆச்சுக்கா?” என்றான் தம்பி.

“என்ன ஆகும்? நடுத்தெருவுல கையெடுத்துக் கும்பிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான். ‘தப்புதாம்மா, தப்புதாம்மா’ன்னு. அன்னைக்குச் சாயங்காலமே பிள்ளைங்க எல்லாரும் புத்தகத்தைக் கொண்டு வந்து வாசல்ல கொட்டிட்டாங்க. பழைய பேப்பர்காரன் ரெண்டு நடை அடிச்சான், ஒரே நடையில அள்ள முடியலை. இந்த ஊர்ல இப்ப ஒரு பக்கம் கிடையாது. தேடினாலும் கிடைக்காது.”

வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அவருக்குப் பேப்பர்காரன் அரை மூட்டையோடு போனது தெரியும். இந்த வயதில் தன் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்ள அவருக்கு ஆசையில்லை.

தம்பி மகள் விரலை நக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“அவர் அழவே இல்ல அத்தை. உள்ள போய் ஃபேனைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தாரு, நான் பார்த்தேன். அப்புறம், எல்லாப் பக்கமும் போகலை. நாய் பல்செட்டு மாட்டிக்கிட்டு நிக்குமே, அந்தப் பக்கத்தை மட்டும் நான் கிழிச்சு வச்சிருக்கேன்.”